கையில் இருப்பது தீர்ப்பா, விதந்துரையா? மொழியுரிமை பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

அம்பாறை மாவட்டத்தின் தென்கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதம் ஏழு பக்கங்களுக்கு நீள்கிறது. ஊர், பெயர், அலுவலகம் ஆகியவற்றை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவர் தமது ஊர்ச் சங்கத்தின் செயலாளர். அங்குள்ள 37 குடும்பங்கள் அரசாங்க அனுமதிப்பத்திரத்தின் பேரில் மேட்டுக்காணிகளில் பயிர் செய்கின்றன. காணியைச் சரிவரப் பயன்படுத்தாத காரணத்தால் அனுமதிப்பத்திரத்தை ஏன் இரத்துச் செய்யக்கூடாது என விளக்கமளிக்க விசாரணைக்கு வருமாறு அவர்களில் சிலருக்கு அறிவித்தல் வந்திருக்கிறது. அது சிங்களத்தில் மட்டுமே இருந்தது. ஊரில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் பேக்கரிக்காரர். அவர் வெளியூர் போய் வந்து வாசித்துச் சொன்னபோது விசாரணைத் திகதி கடந்து நான்கு நாளாகிவிட்டது. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டவர்களிடம், மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரும்படி சொல்லியிருக்கிறார்கள். அதே காணி தொடர்பான சச்சரவொன்றில் சங்க உறுப்பினர் ஒருவரின் வாக்குமூலம் பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதப்பட்டு, அவரும் அதில் கையொப்பமிட்டிருக்கிறார்.

சங்கத்தார் இரண்டு வாரங்களுக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டனர். விசாரணையின் பின் ஆணைக்குழு, அறிவித்தல்களைத் தமிழில் வழங்க வேண்டும் என்றும் விசாரணையைப் புதிதாக நடத்த வேண்டும் என்றும் விதந்துரை (பரிந்துரை) வழங்கியது. ஒன்பது மாதங்கள் கடந்தும் எதுவும் நடக்கவில்லை. மாறாக, சென்ற மாதத்தின் கடைசி வாரத்தில் மேலும் இரண்டு கடிதங்கள் சிங்களத்தில் வந்திருக்கின்றன. இதற்கிடையில் சுவிற்சர்லாந்தில் இருக்கும் மருமகன், சிறுபான்மை மொழி பேசுவோருக்குச் சார்பாக ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைப் பற்றி அனுப்பியிருக்கிறார். ஆசிரியர் கேட்கிறார்: "எங்களிடம் பிராந்திய மனித உரிமைத் தீர்ப்பு இருக்கிறது. அதை நிறைவேற்றாத அதிகாரிக்கு எதிராக நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போடலாமா? இல்லாவிட்டால் மருமகன் மூலமாக ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போகலாமா? சிங்களத்தில் வரும் கடிதங்களை வாங்காமல் திருப்பி அனுப்பினால் என்ன? சங்கத்தின் பெயரில் வழக்காடலாமா? வழக்காடினால் காணியையே பறித்துவிடுவார்களா?"

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் திகதிகளை ஒழுங்காகக் குறித்திருப்பதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். என் மேசைக்கு வரும் கடிதங்களில் பத்துக்கு ஒன்பதில் கோபம் இருக்கும், திகதி இருக்காது. உங்கள் வழக்கோ திகதியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கையிலுள்ள தாள் எது?

"பிராந்திய மனித உரிமைத் தீர்ப்பு" என்று நீங்கள் எழுதியிருக்கும் சொற்றொடரில் இரண்டு வேறு விடயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. உலகில் "பிராந்திய" நீதிமன்றம் எனப்படுவது பல நாடுகள் ஒப்பந்தம் செய்து அமைத்துக்கொண்ட நீதிமன்றம். ஐரோப்பாவுக்கு ஸ்ட்ராஸ்பேர்க்கிலும், அமெரிக்க நாடுகளுக்குக் கொஸ்ராறிக்காவிலும், ஆபிரிக்காவுக்குத் தன்சானியாவின் அருஷாவிலும் அப்படியான நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஆசியாவுக்கு அவ்வாறு ஒன்று இல்லை. தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பின் 1985ஆம் ஆண்டுச் சாசனம் இருதரப்புப் பிணக்குகளையும் சர்ச்சைக்குரிய விடயங்களையும் கலந்துரையாடலில் இருந்தே விலக்கி வைத்திருக்கிறது. அங்கிருந்து ஒரு நீதிமன்றம் பிறக்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை தர என்னால் முடியாது.

உங்களிடம் இருப்பது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அது இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தின் ஊடாக வந்த விதந்துரை. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆணைக்குழு விசாரிக்கலாம், இணக்கத்துக்குக் கொண்டுவரலாம், உரிய அதிகாரத்துக்கு விதந்துரைக்கலாம். ஆனால் நீதிமன்றக் கட்டளையைப் போல அதை ஒருவர் மீது திணிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆணைக்குழு அழைத்தும் ஒருவர் விசாரணைக்கு வராமல் இருப்பது அவமதிப்பாகலாம். விதந்துரையை நிறைவேற்றாமல் விடுவது அவமதிப்பு ஆகாது. ஆகவே நீங்கள் நினைத்திருக்கும் அவமதிப்பு வழக்கைப் போட வேண்டாம். முதல் தவணையிலேயே அது தள்ளுபடியாகும். அந்தத் தள்ளுபடியை எதிர்த்தரப்பு உங்களுக்கு எதிரான வெற்றியாக ஊரெல்லாம் சொல்லித் திரியும்.

அதற்காக அந்தத் தாள் வெறும் தாளும் அல்ல. விதந்துரைக்கு இணங்க என்ன செய்யப்பட்டது என்று குறித்த காலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிக்கையிட வேண்டிய கடமை அந்த அதிகாரத்துக்கு உண்டு. அறிக்கையிடாவிட்டால், அல்லது போதிய நடவடிக்கை எடுக்காவிட்டால், ஆணைக்குழு முழு விபரங்களையும் சனாதிபதிக்கு அறிக்கையிட வேண்டும். அவர் அதன் பிரதியைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கச் செய்ய வேண்டும். இந்த இரண்டாவது படி வரை போகலாம் என்பது முறைப்பாட்டாளர்களில் பலருக்குத் தெரிவதில்லை. திணைக்களம் அறிக்கையிட்டதா, இல்லையாயின் சனாதிபதிக்கான அறிக்கை எப்போது போகும் என்று ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, சுயாதீன அமைப்பொன்று இரு தரப்பையும் கேட்டுவிட்டு "மீறல் நடந்தது" என்று கண்டறிந்த சான்றாக அந்த விதந்துரையை நீதிமன்றத்தில் வைக்கலாம். அது உங்கள் வழக்குக்குத் துணைநிற்கும். வழக்கின் வேலையை அது செய்யாது.

ஸ்ட்ராஸ்பேர்க் பற்றி மருமகனுக்குச் சொல்லுங்கள்

உங்கள் மருமகனின் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆயினும் ஐரோப்பிய நீதிமன்றம், அதன் சமவாயத்தில் (ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில்) கையொப்பமிட்ட அரசொன்றின் நியாயாதிக்கத்துக்குள் இருப்பவரின் முறைப்பாட்டையே ஏற்கும். இலங்கை அதிகாரி ஒருவர் அம்பாறையில் செய்த காரியத்துக்கு, மருமகனுக்குச் சுவிஸ் குடியுரிமை இருந்தாலும், அங்கே வழி கிடையாது.

அவர் அனுப்பிய தீர்ப்புகள் சொல்வதும் நீங்கள் எண்ணுவது போல் இல்லை. 1968ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் திகதி பெல்ஜிய மொழி வழக்கில், பிள்ளைகளைத் தாம் விரும்பிய மொழியில் கற்பிக்கும்படி அரசைக் கேட்கும் உரிமை பெற்றோருக்குச் சமவாயத்தில் இல்லை என்றே நீதிமன்றம் சொன்னது. பிரெஞ்சு மொழிப் பெற்றோர் எழுப்பிய பல பிரச்சினைகளில் ஒன்றே ஒன்றில்தான், அதாவது பிரசெல்சின் புறநகரில் உள்ள ஆறு கொமியூன்களின் (உள்ளூராட்சிப் பிரிவுகளின்) பிரெஞ்சுப் பாடசாலைகளில் வெளியே வசிக்கும் பிள்ளைகள் வசிப்பிடத்தைக் காரணமாகக் காட்டி மறுக்கப்பட்டதில்தான், பாரபட்சம் உண்டென அது கண்டது. கைதாகும் ஒருவருக்குக் காரணத்தை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும், குற்ற வழக்கில் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்பவை அந்தச் சமவாயத்தில் இருக்கின்றன. ஆனால் காணி அலுவலகம் உங்களுக்கு உங்கள் மொழியில் கடிதம் எழுத வேண்டும் என்ற பொதுவான உரிமை அதில் இல்லை. அந்த உரிமையைத் தருவது இலங்கை அரசியலமைப்பு. இது கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும், ஆனால் உண்மை.

நிறைவேற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்ட்ராஸ்பேர்க் தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்தும். அது நிறைவேறுகிறதா என்பதை ஐரோப்பியப் பேரவையின் அமைச்சர்கள் குழு மேற்பார்வை செய்யும். அப்படியிருந்தும் நடப்பதைப் பாருங்கள். மொல்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் திரான்ஸ்னிஸ்திரியாவில் இலத்தீன் எழுத்தில் மொல்டோவ மொழி கற்பித்த பாடசாலைகள் 2004இல் பலவந்தமாக மூடப்பட்டன. பெற்றோரும் பிள்ளைகளுமாக 170 பேர் தொடுத்த வழக்கில் 2012 ஒக்ரோபர் 19ஆம் திகதி, அந்தப் பிரிவினை நிருவாகத்தைத் தாங்கி நின்ற ரஷ்யா பொறுப்பென்று தீர்ப்பாயிற்று. ரஷ்யா அதை நிறைவேற்றாமலேயே 2022இல் பேரவையிலிருந்து வெளியேற்றப்பட்டது. துருக்கியின் கட்டுப்பாட்டிலுள்ள வடக்குச் சைப்பிரசில் கிரேக்க மொழிப் பிள்ளைகளுக்கு இடைநிலைக் கல்வி இல்லாதது உட்படப் பல மீறல்களை 2001இல் கண்டறிந்த நீதிமன்றம், 2014இல் துருக்கி ஒன்பது கோடி யூரோ இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. அந்தப் பணத்துக்காக அமைச்சர்கள் குழு வருடக்கணக்கில் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. ஹொண்டுராசில் கரிஃபூனா இனக் கைதி ஒருவர் சிறைக்குள் தமது தாய்மொழியைப் பேசத் தடை விதித்தது உரிமை மீறல் என்று அமெரிக்க நாடுகளின் நீதிமன்றம் 2006இல் சொன்னதும் நல்ல தீர்ப்பே. இவையெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. தூரத்து நீதிமன்றத்தின் சொல்லுக்கு உயிர் வருவதும் வராததும் உள்நாட்டில் அதைக் கையிலெடுத்துச் செயற்படுத்தும் நிறுவனம் இருப்பதைப் பொறுத்தது என்பதையே சொல்கிறேன்.

நம் பக்கத்து வழக்கு ஒன்று

இதற்கு ஐரோப்பா வரை போகவும் வேண்டாம். 1993 ஜூலையில் மட்டக்களப்பு மாவட்டத்தில் நடந்த சுற்றிவளைப்பொன்றில் பிடிபட்டுக் கொம்மாதுறை இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் சிங்கராசா. சிங்களம் தெரியாத அவரின் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். ஒப்பத்துக்குப் பதிலாக அவரின் விரல் அடையாளம் வைக்கப்பட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அந்த வாக்குமூலத்தை வைத்து 1995இல் விதிக்கப்பட்ட 50 ஆண்டுச் சிறைத்தண்டனை மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004 ஜூலையில், சுயாதீனமான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பெறப்பட்ட வாக்குமூலத்தால் நீதியான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று கண்டு, விடுதலை அல்லது மறுவிசாரணையும் இழப்பீடும் உட்பட உரிய பரிகாரம் அளிக்க வேண்டும் என்றது. அந்தக் கண்டறிதலை ஏந்திக்கொண்டு அவர் நாட்டின் அதியுயர் மன்றமான நமது உயர் நீதிமன்றத்தை நாடினார். 2006 செப்டெம்பரில், குழுவுக்குத் தனியாள் முறையிட வழிதரும் நெறிமுறையில் இலங்கை 1997இல் இணைந்ததே அரசியலமைப்புக்கு முரணானது, ஆகவே உள்நாட்டில் அதற்கு வலுவில்லை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அது இன்றும் நிற்கிறது. இலங்கை அந்த நெறிமுறையிலிருந்து விலகவில்லையாகையால், குழு முறைப்பாடுகளை இன்றும் ஏற்கிறது; உள்நாட்டுப் பரிகாரங்களை முடித்தவர்கள் அங்கே போகலாம். கிடைக்கும் கண்டறிதலைக் கொண்டுவந்து கல்முனையிலோ கொழும்பிலோ உள்ள நீதிமன்றத்தில் நிறைவேற்றுமாறு கேட்க முடியாது. குழு கண்டிக்கும், பதிவுசெய்யும், அரசிடம் கேள்வி கேட்கும். உங்கள் விசாரணைத் திகதியை மாற்றித் தராது.

இன்னும் பழையதொன்றும் உண்டு. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தின் பின், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாததால் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட தமிழ் எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகத்தில் 1969இல் மீண்டும் வென்றார். ஆனால் அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசுக்கு எதிராக வழக்காடலாம் என்ற முதற்கேள்வியில்தான் அந்த வெற்றி. மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்வி உள்நாட்டு நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அது தீர்க்கப்படுவதற்குள் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடே ஒழிக்கப்பட்டு, 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பும் வந்துவிட்டது. கடல் கடந்து வென்றவருக்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை.

நீங்கள் கேட்பது சலுகை அல்ல

உங்கள் கடிதத்தில் "சிறுபான்மையினராகிய எங்களுக்குக் கொஞ்சம் தயவு காட்டினால்" என்ற வரி ஓரிடத்தில் வருகிறது. அந்த வரியை இனி எந்த விண்ணப்பத்திலும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அரசியலமைப்புக்கான 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் நிருவாக மொழி பற்றிய 22ஆம் உறுப்புரையை இப்போதுள்ள வடிவில் எழுதியது. அதன்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் அரச நிறுவனங்கள் பதிவேடுகளைப் பேணுவதும் கருமமாற்றுவதும் தமிழில். சில பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகளாகச் சனாதிபதி பணிக்கலாம். சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் பகுதியிலும்கூட, ஒருவருக்கு அதிகாரியோடு தமிழில் எழுத்துத் தொடர்பு வைத்துப் பதிலைத் தமிழில் பெறவும், தமக்கென வழங்கப்படும் ஆவணத்தைத் தமிழிலோ தமிழ் மொழிபெயர்ப்போடோ பெறவும் உரிமை உண்டு. ஆக, கடிதம் அனுப்பியது உங்கள் பிரதேச செயலகமா, அம்பாறை நகரிலுள்ள மாவட்ட அலுவலகமா, கொழும்பிலுள்ள திணைக்களமா என்று எதிர்த்தரப்பு எந்தக் கதவால் ஓடினாலும், அந்தக் கதவுக்குப் பின்னாலும் உங்கள் உரிமை நிற்கிறது.

"மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லப்பட்டதே பிழை. மொழிகளைப் பயன்படுத்துவதற்குப் போதிய வசதிகளைச் செய்து தருவது அரசின் கடமை என்று 25ஆம் உறுப்புரை சொல்கிறது. வசதி செய்ய வேண்டியவர் பேக்கரிக்காரர் அல்ல.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இந்த உரிமையை அரசியலமைப்பு இனத்துக்குத் தரவில்லை, மொழிக்குத் தந்திருக்கிறது. அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்து முஸ்லிம் விவசாயிகளுக்கும் இதே கடிதங்கள் இதே மொழியில் வருவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வழக்கு வலுப்பெறும். மட்டக்களப்பில் தமிழில் மட்டும் கடிதம் பெறும் சிங்களவருக்கும் 22ஆம் உறுப்புரை இதே உரிமையைத் தருகிறது. உங்கள் விண்ணப்பத்தின் தொனி அதை ஒப்புக்கொண்டதாக இருந்தால், அதை வாசிக்கும் நீதிபதிக்கு உங்கள் நேர்மை புரியும்.

ஒரு மாதம் என்ற கத்தி

இப்போது திகதிக்கு வருகிறேன். 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மட்டுமல்ல, மொழியுரிமை மீறப்பட்டாலும் நேரே உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். நியாயமும் ஒப்புரவுமான பரிகாரம் எதையும் வழங்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அதன் கட்டளையை மீறினால்தான் நீங்கள் கேட்ட அவமதிப்பு வரும். ஆனால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் இரண்டு வாரத்தில் முறையிட்டது நல்லதாயிற்று. ஆனால் விதந்துரை வந்ததோடு விசாரணை முடிந்துவிட்டது. மிச்சமிருந்த இரண்டு வாரமும் அதன் பின் ஓடி, எட்டு மாதங்களுக்கும் முன்பே தீர்ந்துவிட்டது. "முறையிட்டு வைத்திருக்கிறோம், காலம் நிற்கும்" என்ற எண்ணம் கிழக்கில் நான் கண்ட எத்தனையோ நல்ல வழக்குகளைக் கொன்றிருக்கிறது. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, உண்மையில் விசாரணை நிலுவையில் இருந்ததைக் காட்டவேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆகவே முதல் அறிவித்தலை வைத்து மட்டும் உயர் நீதிமன்றம் போவது இப்போது கடினம். சென்ற மாதக் கடைசியில் வந்த இரண்டு கடிதங்கள் வேறு. அவை ஒவ்வொன்றும் புதிய மீறல், முந்தியது அதன் பின்னணி என்று வாதிட இடமுண்டு. நீதிமன்றம் அதை ஏற்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் அந்த வாதத்துக்கான கதவு இந்தப் பதிலை நீங்கள் வாசிக்கும்போது இன்னும் சில நாட்களுக்கே திறந்திருக்கும். உயர் நீதிமன்றம் இருக்கும் கொழும்பு புதுக்கடைக்குப் போகும் செலவைத் தாங்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். (தமிழில் மனுத் தாக்கல் செய்யும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது, நடைமுறையில் மொழியுரிமை மனுக்களைச் சட்டத்தரணிகளாகிய நாங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

ஒரு மாதக் கத்தி இல்லாத வேறொரு வழியும் உண்டு. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடலாம். அது விசாரித்து விதந்துரைக்கும். இதுவும் விதந்துரைதானே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அது நிறைவேற்றப்படாவிட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடிப் பணிப்புரை பெறும் வழியை அந்தச் சட்டமே வைத்திருக்கிறது. வேண்டுமென்றே அரசகரும மொழியில் கருமமாற்ற மறுக்கும் உத்தியோகத்தரின் செயலை, நீதவான் முன் விசாரிக்கப்படக்கூடிய குற்றமாகவும் அது ஆக்கியிருக்கிறது. அந்தக் குற்றப் பிரிவை முதலில் தூக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மொழிபெயர்ப்பாளர் பதவி வெற்றிடமாக இருக்கும் அலுவலகத்தில் ஓர் எழுதுவினைஞரைக் கூண்டில் ஏற்றுவதால் அடுத்த கடிதம் தமிழில் வரப்போவதில்லை.

காணி இரத்தாகும் நிலை வந்தால் மட்டும் கவனமாக இருங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான கட்டளையைச் சவாலுக்குட்படுத்த எழுத்தாணை (அரச அதிகாரியின் முடிவை இரத்துச் செய்யும் நீதிமன்ற ஆணை) கேட்பதாயின் மாகாண மேல் நீதிமன்றம் போக வேண்டாம். அரச காணி விடயத்தில் அதற்கு அதிகாரம் இல்லை என்று 2013இல் சோலைமுத்து ராசு வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமே இடம். அங்கே உங்கள் வாதம் மொழியுரிமை வாதத்தைவிட எளிமையானது: விளங்காத மொழியில் அறிவித்தல் கொடுத்துவிட்டு நடத்திய விசாரணை, விசாரணையே அல்ல.

கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம்

சிங்களக் கடிதங்களை வாங்காமல் விடலாம் என்ற உங்கள் சங்கத்தின் தீர்மானத்தை இன்றே கைவிடுங்கள். மறுத்து அனுப்பிய கடிதமும் உங்களுக்குக் கிடைத்ததாகவே கொள்ளப்படக்கூடும். மீறலுக்கான உங்கள் ஒரே சான்றையும் நீங்களே தபாலில் திருப்பி அனுப்பியதாகிவிடும். வாங்குங்கள், கிடைத்த திகதியை அதன் மீது எழுதுங்கள், அடுத்த நாளே பதிவுத் தபாலில் இப்படி எழுதுங்கள்: "தங்களின் இன்ன திகதியக் கடிதம் சிங்கள மொழியில் மட்டும் இன்ன திகதியில் எனக்குக் கிடைத்தது. எனக்கு அம்மொழி வாசிக்கத் தெரியாது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி இதன் தமிழ் வடிவத்தை வழங்குமாறும், அது எனக்குக் கிடைக்கும் வரை இதிலுள்ள விசாரணைத் திகதியையும் காலவரையறைகளையும் ஒத்திவைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். "மொழியுரிமையை மதியுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இந்தக் கடிதம், இந்தத் திகதி, இந்த விசாரணை என்று சுட்டிக் கேளுங்கள்.

அதோடு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த அலுவலகத்தில் எத்தனை மொழிபெயர்ப்பாளர் பதவிகள் உண்டு, எத்தனை வெற்றிடம், சென்ற ஓராண்டில் தமிழில் எத்தனை அறிவித்தல்கள் வழங்கப்பட்டன என்று ஒரு விண்ணப்பம் போடுங்கள். தகவலைத் தருவதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். வழக்கில் இதைவிடப் பயனுள்ள தாள் எதையும் ஒரு சட்டத்தரணியால் உங்களுக்கு வரைந்து தர முடியாது.

பொலிஸ் வாக்குமூலத்தைப் பொறுத்தவரை, வாக்குமூலம் எழுதப்பட்ட மொழி விளங்காதவருக்கு விளங்கும் மொழியில் அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும், அவர் அதைத் திருத்தவும் சேர்க்கவும் இடம்தர வேண்டும் என்றும் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. இனிமேல் யாராயினும் கையொப்பத்துக்கு மேலே தமது கையால் தமிழில் "எனக்குத் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது" அல்லது "விளக்கப்படவில்லை" என்று எழுதிவிட்டே ஒப்பமிடட்டும். ஏற்கெனவே ஒப்பமிட்டவர், அதில் என்ன எழுதப்பட்டது என்று தமக்குத் தெரியாது என்பதைப் பொலிஸ் அத்தியட்சகருக்கு எழுத்தில் அறிவித்து வைப்பது நல்லது.

சங்கமா, ஆட்களா, பயமும்

உரிமை மீறப்பட்ட ஆளே மனுதாரராக இருப்பது பாதுகாப்பானது. சங்கம் பின்னின்று உதவட்டும். பெயர் சங்கத்தினதாக வேண்டாம். 37 பேரையும் நிறுத்தவும் தேவையில்லை. கடிதம், உறை, கிடைத்த திகதி மூன்றும் தெளிவாக உள்ள இரண்டு அல்லது மூன்று பேரைத் தெரிவு செய்யுங்கள். அவர்களில் ஒருவராவது அனுமதிப்பத்திர நிபந்தனைகளை எந்தக் குறையும் இல்லாமல் நிறைவேற்றியவராக இருக்க வேண்டும்.

வழக்காடினால் காணியைப் பறித்துவிடுவார்களா என்ற பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. வழக்காடியதற்காக அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்ய எந்தச் சட்டமும் இடமளிக்கவில்லை. ஆனால் பயிர் செய்யாமை, உபகுத்தகை, எல்லை மீறல் போன்ற உண்மையான குறைகள் இருந்தால், வழக்கின் பின் அவை தேடப்படும். எனவே மனுவில் ஒப்பமிடும் முன் ஒவ்வொருவரும் தமது காணிக்கோவையை ஒழுங்குபடுத்திக்கொள்ளட்டும்: அனுமதிப்பத்திரம், வருடாந்தக் கட்டணப் பற்றுச்சீட்டுகள், பயிர் நிற்கும் நிலையில் எடுத்த படங்கள், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல். குறை இருப்பவர் முன்னால் நிற்க வேண்டாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சென்ற மாதக் கடிதங்கள் இரண்டும் கிடைத்த சரியான நாளை உங்கள் கடிதம் சொல்லவில்லை. "கடைசி வாரம்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அவை வந்த உறைகளைப் பிரித்த கையோடு எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தபால் முத்திரை தெரியும்படி அவற்றைக் கடிதங்களோடும் விதந்துரையின் பிரதியோடும் சேர்த்து எடுத்துக்கொண்டு, வரும் திங்கட்கிழமைக்குள் உங்கள் பகுதியிலுள்ள சட்டத்தரணி ஒருவரையோ சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்தையோ சந்தியுங்கள். உறை இல்லாவிட்டால், பதிவுத் தபாலாயின் உங்கள் தபால் நிலையத்தின் விநியோகப் பதிவில் நாள் இருக்கும். அதை முதலில் போய்ப் பாருங்கள்.